விசாரணையில் இருக்கும் செடி

அந்த நிறுவனத்தில் ஒரு ஜீனைக் கண்டுபிடிப்பதைவிட அதற்குப் பெயர் வைப்பதுதான் பெரிய வேலை. கண்டுபிடித்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் மேடை, ரிப்பன், ஒலிபெருக்கி, குழுப் புகைப்படம் என்று அமர்க்களம் ஆரம்பிக்கும். பயறுச் செடியில் எந்த ஜீன் அகப்பட்டாலும் அப்போது பதவியில் இருக்கும் ஒருவரின் பெயரை அதற்கு வைப்பது வழக்கம். ஆளின் பெயர் கூடாது, பதவியின் பெயர்தான். ஆள் போவான், நாற்காலி நிற்கும் என்பது அங்கே வேதவாக்கு.

ஆகவே இயக்குநர் ஜீன் என்று ஒன்று இருந்தது. துணை இயக்குநர் ஜீன், நிர்வாக அலுவலர் ஜீன் என்றும் இருந்தன. ஒரு தடவை அதிகாரிகள் எல்லோரும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போயிருந்த நேரமாகப் பார்த்து ஒரு ஜீன் வந்து மாட்டிக்கொண்டது. அன்றைக்குப் பணியில் இருந்த ஒரே நிரந்தர ஊழியர் தோட்டக்காரர். விதி விதிதானே? தோட்டக்காரர் ஜீன் என்று ஒன்றும் பதிவாகிவிட்டது. அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

இதில் இயக்குநர் ஜீனின் வேலை வாடல் நோயைத் தடுப்பது. வயல்களில் போடுகிற பயறில் அது பேருக்கு இருக்கிறதே தவிர வேலை செய்வதில்லை. இந்த உண்மையைக் கூட்டத்தில் சொன்ன ஆராய்ச்சியாளர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். துணை இயக்குநர் ஜீன் பயறுக்குக் கசப்பைக் கொடுப்பது. அதை அவரிடம் சொல்ல இதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. நிர்வாக அலுவலர் ஜீன் எதற்காக இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

நம் கதைக்குரியவள் ஒப்பீட்டுப் பிரிவில் தற்காலிக வேலை பார்த்தாள். பிரிவு என்றால் அவளும் ஒரு கணினியும் ஒழுகுகிற ஏசியும் ஏசிக்குக் கீழே ஒரு வாளியும்தான். அவளைக் கேன்டீன்காரர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் ஒப்பீடு என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

வேலை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. நாம் போடுகிற பயறுக்குக் காட்டில் சொந்தக்காரச் செடிகள் உண்டு. எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ஜீன்கள் ஒரு தெருவில் வீடுகள் நிற்பதுபோல வரிசையாக நிற்கும். சொந்தக்காரச் செடிகளில் அந்தத் தெரு பெரும்பாலும் அப்படியே இருக்கும். சில இடங்களில் மட்டும் தெருவின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பி, கடைசி வீடு முதல் வீடாகிவிடும். எந்தச் செடியில் யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், எங்கே தெரு திரும்பியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை.

காட்டுச் செடிகள் இரண்டு இருந்தன. ஆய்வகத்தில் ஒன்றைப் பெரியப்பா என்றும் இன்னொன்றைச் சித்தப்பா என்றும் சொல்வார்கள். இரண்டையும் வாடல் நோய் தொடாது. வாடாத பயறு வேண்டுமென்று நிறுவனம் வருஷக்கணக்காக நம் பயறைப் பெரியப்பாவோடுதான் கலந்துகொண்டிருந்தது. ஏன் பெரியப்பா என்றால், நிறுவனத்தின் முத்திரையில் இருப்பது பெரியப்பாவின் படம். அதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டியிருக்கிறது? ஆனால் பிறந்த பிள்ளைகளில் வாடாதவை எல்லாம் வாயில் வைக்க முடியாத கசப்பு. தின்ன முடிகிறவை எல்லாம் வாடிச் செத்தன.

ஒப்பீடு அதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். பெரியப்பாவில் அந்தத் தெரு தலைகீழாகத் திரும்பியிருந்தது. நம் பயறோடு கலக்கும்போது எதிரெதிராக நிற்கிற தெருக்களால் வீடுகளை மாற்றிக்கொள்ள முடியாது. வந்தால் மொத்தத் தெருவும் வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. நோய்த் தடுப்பும் கசப்பும் ஒட்டிக்கொண்டே வந்தது அதனால்தான். சித்தப்பாவிலோ தெரு நம் பயறைப் போலவே ஒரே பக்கம் பார்த்து நின்றது. சித்தப்பாவோடு கலந்தால் கசப்பை அங்கேயே விட்டுவிட்டுத் தடுப்பை மட்டும் பிரித்து எடுக்கலாம். இத்தனை வருஷமாகத் தும்பை விட்டு வாலைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் அண்ணனுக்குத்தான் போன் போட்டாள். அண்ணன் பயறு போடுகிறவர். அவர் வயலில் செடிகள் காலையில் நிமிர்ந்து நிற்கும், மத்தியானம் தலையைத் தொங்கப்போடும், அதற்குப் பிறகு எழுந்திருக்காது. இந்தத் தடவையும் இப்படியானால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு டவுனுக்கு வேலைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் சொன்ன தெருக்கதை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப கிடைக்கும் பாப்பா?"

"கலந்த பிறகும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்ணா. ஆனா இந்தப் பூவிலயே ஆரம்பிச்சிடலாம்."

"ஆரம்பிச்சாச்சுன்னு மட்டும் சொல்லு. நான் வேற எதையாவது போட்டு அதுவரைக்கும் தாக்குப்பிடிச்சுக்கறேன். ஆரம்பிக்கலைன்னா சொல்லிடு, வீணா நம்பிக்கிட்டு இருக்கமாட்டேன்."

சித்தப்பா வருஷத்தில் ஒரு தடவைதான் பூக்கும், அதுவும் கொஞ்ச நாள்தான். பசுமைக் குடிலில் அதன் தொட்டியில் மொட்டு வைக்க ஆரம்பித்திருந்தது. புதுச் செடியோடு கலப்பு செய்ய வேண்டுமென்றால் ஒப்பீட்டு வரைபடத்துக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். ஒரு கையெழுத்துத்தானே என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தைத் துணை இயக்குநரிடம் கொண்டுபோனாள். அசடு.

துணை இயக்குநர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். சித்தப்பாவின் தெருவில் முதல் வீடு தோட்டக்காரர் ஜீன். அடுத்தது துணை இயக்குநர் ஜீன். அதற்கும் அடுத்தது மறுபடியும் துணை இயக்குநர் ஜீன், ஏனென்றால் சித்தப்பாவில் அது இரட்டை. நிர்வாக அலுவலர் ஜீன் அந்தச் செடியில் இல்லவே இல்லை. இயக்குநர் ஜீன் எல்லோருக்கும் பின்னால், தெருக் கடைசியில் நின்றது. துணை இயக்குநரின் முகத்தில் வருஷக்கணக்காகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது.

"எத்தனை நாளைக்கும்மா உண்மையை மூடி வைக்க முடியும்? வேலை பாக்கறது யாருன்னு செடிக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. ஆமா, என் ஜீன் என்ன பண்ணுது?"

"சுவை சம்பந்தப்பட்டது சார்."

"அப்படிப் போடு!"

கசப்பு என்ற வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் சித்தப்பாவின் படத்தை மட்டும் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் காலை இயக்குநர் உள்ளே வந்தார், படத்தைப் பார்த்தார், நின்றார். அவர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க விரும்புகிற வகை. அவசரக் கூட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு நாற்காலிக்காரரும் வந்திருந்தார். விழாக்களில் யார் எங்கே உட்காருவது என்று தீர்மானிக்கிற அதிகாரி அவர். மற்றபடி அவருக்கு வேறு வேலை கிடையாது, அந்த ஒரு வேலைக்கே அவருக்கு மூன்று உதவியாளர்கள்.

இயக்குநர் எழுந்து நின்று பேசினார். "நான் பதவிக்கு ஆசைப்படறவன் இல்லை. முன்னால நின்னாலும் பின்னால நின்னாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா இந்த நாற்காலிக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. எனக்காக இல்லை, நாற்காலிக்காகக் கேக்கறேன். அந்தச் செடியில என்னைத் தோட்டக்காரருக்குப் பின்னால வச்சது யாரு?"

"யாரும் வைக்கலை சார். அது அப்படித்தான் இருக்கு," என்றாள் ஒப்பீடு.

"அப்படியே இருக்க விட்டது யாரு?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. யாரிடம்தான் இருக்கும்? அவளுடைய மௌனத்தைக் குற்ற ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்து நிர்வாக அலுவலர் எழுந்தார். ஒரே ஆள் எப்படி இரண்டு இடத்தில் இருக்கலாம், இரண்டு சம்பளம் யார் கொடுப்பது, தன் இடம் ஏன் காலியாக விடப்பட்டது என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில் குரல் தழுதழுக்க ஒரு கேள்வி கேட்டார். "நான் இல்லாம இந்தச் செடி எப்படி உயிரோட இருக்கு?" அந்த அறையில் இருந்த பலரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் அவரவர் வேலை அவரவருக்கு முக்கியம் அல்லவா, மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒப்பீடு எழுந்து மன்றாடினாள். இது மரியாதை விஷயம் இல்லை, தெரு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் விஷயம், சித்தப்பா பூக்கப்போகிறது, பூ உதிர்ந்தால் ஒரு வருஷம் போச்சு, வயல்களில் செடி செத்துக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் சொன்னாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். பெரியப்பாவில் வரிசை எப்படி என்று இயக்குநர் கேட்டார். அங்கே தெரு தலைகீழ், அதனால் நீங்கள்தான் முதல் வீடு என்று இவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். பெரியப்பா ஒழுக்கமான செடி என்று உடனே ஒரு தீர்மானம் நிறைவேறியது.

சித்தப்பாவை என்ன செய்வது என்பதில் சட்டப் பிரிவு ஆலோசனை சொன்னது. எதிர்த் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாதாம். எனவே சித்தப்பாவின் தொட்டியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வரிசை மாறி நிற்பதற்கான விளக்கத்தைக் குறித்த காலத்துக்குள் அளிக்க வேண்டும், தவறினால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதப்படும் என்று அதில் எழுதியிருந்தது. விசாரணை முடியும்வரை செடியை யாரும் தொடக் கூடாது என்று குடிலின் கதவைப் பூட்டிச் சீலும் வைத்துவிட்டார்கள். தொட்டால் சாட்சியைக் கலைத்த குற்றமாம். தோட்டக்காரர் ஜன்னல் இடுக்கு வழியாகக் குழாயை நீட்டித் தண்ணீர் பீய்ச்சினார். அந்தத் தண்ணீரில் நோட்டீஸ் நனைந்து கிழிய, புதிதாக ஒன்று அச்சடித்து அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டார்கள்.

தோட்டக்காரர் நிலைமை அதைவிடப் பரிதாபம். அவருக்கு எதுவுமே தெரியாது. செடியோடு சேர்ந்து சதி செய்து முன்வரிசையைப் பிடித்தாரா என்று அவரையும் விசாரித்தார்கள். தான் எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வருவதாக அவர் எழுதிக் கொடுத்தார்.

சித்தப்பா பூத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள். ஒப்பீடு தினமும் காலையில் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்ப்பாள். ஒரு இடுக்கியும் கொஞ்ச நேரமும் இருந்தால் போதும், மகரந்தத்தை எடுத்து நம் பயறின் பூவில் வைத்துவிடலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. கண்ணாடியை உடைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. உடைத்தால் வேலை போகும், அவள் வேலை போனால் இந்த வரைபடத்தைப் பற்றிப் பேசவும் ஆள் இருக்காது. அப்படிச் சொல்லித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பயமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் சாயங்காலமானால் போன் செய்தார். ஆரம்பிச்சாச்சா என்று கேட்பார். இவள் இன்னும் இல்லை என்பாள். என்ன தடை என்று ஒருநாள் கேட்டார். செடிக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். அதற்கு அண்ணன், ஆபீஸ் விஷயம் எனக்கு என்ன தெரியும், பெரியவர்கள் யோசித்துத்தான் செய்வார்கள் என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கெடு முடிந்தது. செடி விளக்கம் எதுவும் தரவில்லை. ஆகையால் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாக முடிவாயிற்று. இப்போது வரிசையை எப்படித் திருத்துவது என்பது கேள்வி. துணை இயக்குநர் செடியின் சுதந்திரத்தில் தலையிடக் கூடாது என்று வாதாடினார், அவருக்கு முன்வரிசை ஆயிற்றே. நிறுவனமே இரண்டு கட்சியாகிக் கேன்டீனில்கூடத் தனித்தனி மேஜை போட்டுக்கொண்டது. கடைசியில் நாற்காலிக்காரர்தான் ஒரு சமரச யோசனையோடு வந்தார். தெருவை நேராக வரைந்தால்தானே முன்னால் பின்னால் என்று சண்டை வருகிறது, வட்டமாக வரைந்துவிட்டால் எல்லோரும் சமம், பல மாநாடுகளைத் தான் இப்படித்தான் காப்பாற்றியிருப்பதாகச் சொன்னார்.

"செடியோட குரோமோசோம் வட்டமா இருக்காது சார். பாக்டீரியாவுக்குத்தான் அப்படி இருக்கும்."

"அப்ப முன்னுதாரணம் இருக்கு," என்றார் அவர், திருப்தியோடு.

ஆனால் வட்டத்தில் தன் பக்கத்தில் தோட்டக்காரர் வந்துவிடுகிறார் என்பதை இயக்குநர் கவனித்துவிட்டதால் அதுவும் நடக்கவில்லை. முடிவில் பணிமூப்புப்படி வரைவது என்று தீர்மானித்தார்கள். இயக்குநர், துணை இயக்குநர் ஒரே ஒரு தடவை, காலியிடத்தில் நிர்வாக அலுவலர், கடைசியில் தோட்டக்காரர். நம் பயறுக்கும் அதே வரிசை, பெரியப்பாவுக்கும் அதே, சித்தப்பாவுக்கும் அதே. மூன்று செடிகளும் இம்மி பிசகாமல் ஒன்றாகிவிட்டதால், ஒப்பீட்டு ஆய்வு முழு வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். மூன்றும் ஒன்றேயானால் எதோடு கலந்தால் என்ன, முத்திரையில் இருக்கிற பெரியப்பாவோடேயே தொடரலாம் என்று கூடவே ஒரு உத்தரவும் வந்தது. ஒப்புதல் கையெழுத்தான அன்று சித்தப்பாவின் தொட்டியைச் சுற்றி மஞ்சளாகத் தரையில் உதிர்ந்து கிடந்தது. சீலை உடைத்து உள்ளே போன ஒப்பீடு கிளை கிளையாகத் தேடிப் பார்த்தாள். ஒரு பூ மிச்சம் இல்லை.

வரைபட வெளியீட்டு விழாவில் அவளையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். "இந்தப் படத்துல இருக்கிற வரிசை எந்தச் செடியிலயும் இல்லை."

இயக்குநர் மைக்கை வாங்கினார்.

"கேட்டீங்களா? இதுவரைக்கும் எந்தச் செடியிலயும் இல்லாத ஒரு வரிசையை நம்ம நிறுவனம் உருவாக்கியிருக்கு."

கைதட்டல் அடங்க வெகு நேரமானது. அவளுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

அன்றைக்கு அண்ணன் போன் செய்யவில்லை. அவளாகவே கூப்பிட்டாள். பிடுங்கிவிட்டேன் என்றார். எல்லாவற்றையுமா என்று கேட்டாள். ஆமாம், மாட்டுக்குக்கூட ஆகவில்லை, குவித்து எரித்தாயிற்று என்றார். அவள் அழுதாள். அவர் அவளைத்தான் தேற்றினார், நீ என்ன பண்ணுவே பாப்பா என்று. கொஞ்சம் தயங்கிவிட்டு, உங்கள் ஆபீஸில் ஏதாவது வேலை இருக்குமா, காவல் வேலையானாலும் பரவாயில்லை என்று கேட்டார். வயலில் நிமிர்ந்து நின்ற மனிதர் அப்படிக் கேட்டதும் மறுநாளே விசாரிக்கிறேன் என்றாள்.

வேலை கிடைத்தது, அதுவும் சுலபமாக. சித்தப்பா குற்றம் நிரூபிக்கப்பட்ட செடி என்பதால் அதற்குத் தனிக் காவல் போட ஏற்கெனவே ஒரு பணியிடம் உருவாக்கியிருந்தார்கள். அண்ணன் காக்கிச் சட்டையும் விசிலுமாகக் குடிலின் வாசலில் உட்கார்ந்தார்.

ஆண்டறிக்கை தயாரான சமயம் நிர்வாக அலுவலர் அவளைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டினார். ஒப்பீட்டு ஆய்வின் பயனாக, வாடல் நோயால் பாதிக்கப்பட்ட விவசாயக் குடும்பம் ஒன்று நிலையான வாழ்வாதாரம் பெற்றது என்று அதில் இருந்தது. சரிதானே என்று கேட்டார். அவளும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். தப்பென்று சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கால் தானாகக் குடில் பக்கம் போனது. வெயில் கொளுத்தியது. அண்ணன் உள்ளே சித்தப்பாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கள் முற்றிக் கறுத்துத் தொங்கின.

"இது என்ன செடி பாப்பா, உச்சி வெயில்லகூட வாடவே மாட்டேங்குது?"

"இதுதான்ணா அது."

அவர் ஒரு காயை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதுல ரெண்டு விதையை யாராவது வெளிய எடுத்துட்டுப் போனா, யாரு பிடிப்பாங்க?"

அவள் அவருடைய சட்டையைப் பார்த்தாள்.

"நீதான்ணா பிடிக்கணும்," என்றாள்.